பழைய பானைக்குள்ள என்ன இருந்துச்சு? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ஆயிரக்கணக்கான வருஷப் பழசான பானை ஓட்ட அரைச்சு, அதுக்குள்ள என்ன சாப்பாடு இருந்துச்சுன்னு லேப்ல கண்டுபிடிக்கிறாங்கன்னு நாலு வரி போட்டிருந்தோம். அதுக்கே இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பாக்கல. ஒரே விஷயத்த நிறைய பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: ஒரு நாள் வெளிய வச்சாலே சாப்பாடு கெட்டுப் போகுது. 6,000 வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த பானையில எப்படிங்க மிஞ்சும்? நம்புறதுக்கே கஷ்டமா இருக்கு.

பதில்: சாப்பாடு மிஞ்சாது, நீங்க சொல்றது சரிதான். மிஞ்சுறது பெரும்பாலும் அதுல இருந்த கொழுப்பும் மெழுகும்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுல. மேல மினுமினுப்பு பூசாத சுட்ட மண்பானையோட சுவர் ஒரு ஸ்பாஞ்ச்னு வச்சுக்கங்க, உள்ள ஊத்துற எண்ணெய், பால், கறிக்கொழுப்பு எல்லாம் அந்த நுண்துளைக்குள்ள ஊறிப் போயிடும். சர்க்கரை, உப்பு எல்லாம் மழைத் தண்ணியில கரைஞ்சு போயிடும், புரதமும் டிஎன்ஏவும் சீக்கிரமே சிதைஞ்சு போயிடும், ஆனா கொழுப்பு தண்ணியில கரையாது, மண்ணுல இருக்கிற கிருமிகளும் அவ்வளவு சின்ன துளைக்குள்ள புகுந்து எல்லாத்தையும் தின்னுட முடியாது. அதனால பெரிய கொழுப்பு மூலக்கூறு உடைஞ்சாலும் அதோட துண்டு, அதாவது பால்மிட்டிக் ஆசிட், ஸ்டீரிக் ஆசிட்னு சொல்ற கொழுப்பு அமிலங்கள், ஓட்டுக்குள்ளயே தங்கிடுது. இதுவும் எல்லா இடத்துலயும் நடக்கும்னு இல்ல. குளிர்ந்த இடம், காஞ்சு கிடக்கிற பாலைவனம், காத்தே போகாத சேறு, இதெல்லாம் நல்லா காப்பாத்தும், வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற இடத்துல பாதிக்கு மேல ஓடுங்க காலியாத்தான் வரும்.

கேள்வி: சமைச்ச பானை, சேமிச்சு வச்ச பானை, எதுல நிறைய தகவல் கிடைக்கும்?

பதில்: சமைச்ச பானைதான், சந்தேகமே வேணாம். கொதிக்கும்போது கொழுப்பு மேல மிதந்து வாய்ப்பக்கத்துச் சுவருல திரும்பத் திரும்ப ஏறிக்கிட்டே இருக்கும், அதனால வாய் விளிம்புப் பக்கத்து ஓட்டுல அதிகமாவும் அடிப்பக்கத்துல குறைவாவும் இருக்கிறது வழக்கம்.

சேமிப்புப் பானையோட கதை வேற. எண்ணெய், ஒயின், பால், தேன் வச்சிருந்தா கொஞ்சமாவது ஊறும். தானியம் வச்சிருந்தா? காஞ்ச தானியத்துல இருக்கிற கொழுப்பே கம்மி, அதுவும் சூடு பண்ணாம சும்மா கொட்டி வச்சா சுவருக்குள்ள போறதுக்கு வழியே இல்ல. இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுறது இதுதான், மனுஷன் பெரிய பெரிய ஜாடி செஞ்சதுக்கு ஒரு முக்கியமான காரணம் தானியம் வைக்கிறது, ஆனா அந்த தானியத்த மட்டும் இந்த கெமிஸ்ட்ரியால சரியாப் பாக்க முடியல. அதனால "இந்த ஜாடியில ஒண்ணும் கிடைக்கல"ன்னு ரிப்போர்ட் வந்தா அது காலி ஜாடின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது நிறைய தானியம் நிறைஞ்ச ஜாடியாவும் இருந்திருக்கலாம். அந்த மாதிரி இடத்துல அடியில தேங்கின மண்ணத் தண்ணியில மிதக்க விட்டு கருகின விதை இருக்கான்னு தேடுறது, மாவுத்துகள மைக்ராஸ்கோப்ல பாக்குறதுன்னு வேற வழிக்குத்தான் போகணும்.

சில விதிவிலக்கும் உண்டு. சில சிறுதானிய வகைகள்ல மிலியாசின்னு ஒரு பொருள் இருக்கு, அது ஓட்டுல கிடைச்சா சிறுதானியம்னு தைரியமா சொல்லலாம், கொரியாவுலயும் போலந்துலயும் அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. கோதுமை மாதிரியான தானியங்களோட உமித்தோல்ல அல்கைல்ரிசார்சினால்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது சீக்கிரம் அழியுற ஜாதி. சுவிஸ் ஆல்ப்ஸ் மலையில 2,650 மீட்டர் உயரத்துல, பனிக்கட்டிக்குள்ள 2012ல ஒரு வெண்கலக் கால மரப்பெட்டி கிடைச்சுது. பால் சம்பந்தமா எதாவது இருக்கும்னு எதிர்பாத்து ஆராய்ஞ்சவங்களுக்குக் கிடைச்சது தானியத்தோட இந்தப் பொருள்தான். பனியில உறைஞ்சு கிடந்ததால தப்பிச்சுது.

கேள்வி: லேப்ல சரியா என்ன பண்றாங்க? பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிறேன், கொஞ்சம் விவரமாவே சொல்லுங்க.

பதில்: சொல்றேன். கிளவுஸ் போட்டுக்கிட்டு, ஓட்டோட மேல்பரப்ப சின்ன டிரில் வச்சு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் சுரண்டித் தள்ளிடுவாங்க, ஏன்னா மண்ணும் விரல் பட்ட அழுக்கும் அங்கதான் ஒட்டியிருக்கும். அப்புறம் சுமார் 2 கிராம் ஓட்ட கல்வத்துல போட்டு மாவா அரைப்பாங்க. அந்த மாவுல அளவு தெரிஞ்ச ஒரு பொருளக் கொஞ்சம் சேப்பாங்க, 34 கார்பன் இருக்கிற அல்கேன் ஒண்ணத்தான் நிறைய பேர் பயன்படுத்துறாங்க, கடைசியில அத வச்சுத்தான் மத்ததோட அளவக் கணக்குப் போட முடியும். அடுத்து குளோரோஃபார்ம் ரெண்டு பங்கு மெத்தனால் ஒரு பங்கு கலந்து ஊத்தி, அல்ட்ராசோனிக் பாத்ல வச்சு அதிர விடுவாங்க, கொழுப்பு கரைஞ்சு வெளிய வரும், சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி தெளிஞ்சத மட்டும் எடுத்து, மெல்ல நைட்ரஜன் வாயுவ ஊதிக் காய வைப்பாங்க. குப்பி அடியில மிஞ்சுறது பாதி நேரம் கண்ணுக்கே தெரியாது.

இப்ப நிறைய லேப்ல இதுக்குப் பதிலா ஆசிட் கலந்த மெத்தனால்ல மாவ நேராப் போட்டு 70 டிகிரியில சில மணி நேரம் சூடு பண்றாங்க, களிமண்ணோட கெட்டியாப் பிடிச்சிருக்கிற கொழுப்பு அமிலமும் சேந்து வந்துடுது, பழைய முறையில காலின்னு ஒதுக்கின ஓடுங்க கூட இதுல தேறிடுது.

அதுக்கப்புறம் ஜிசி-எம்எஸ். அதாவது கேஸ் குரோமட்டோகிராஃபும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் சேந்த மிஷின். முடி அளவு துளை இருக்கிற ஒரு நீளக் குழாய்க்குள்ள ஆவியாக்கி அனுப்புவாங்க, ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு நேரத்துல வெளிய வரும், வந்தத எலக்ட்ரான் வச்சு உடைச்சு துண்டோட எடையப் பாத்து அது யாருன்னு சொல்லுவாங்க. ஒரு கிராம் ஓட்டுக்கு 5 மைக்ரோகிராம் கொழுப்பாவது இருந்தாத்தான் பொதுவா அதப் பத்திப் பேசவே ஆரம்பிப்பாங்க, அதுக்குக் கீழ வந்தா மண்ணுல இருந்து வந்துச்சா பானையில இருந்து வந்துச்சான்னு சொல்ல முடியாது. கூடவே ஓடே போடாம வெறும் சால்வென்ட்ட மட்டும் அதே வழியா ஓட்டி ஒரு பிளாங்க் எடுப்பாங்க, அது இல்லாத ரிசல்ட்ட மதிக்காதீங்க.

கேள்வி: பால் கொழுப்பும் கொழுப்புதான், கறிக் கொழுப்பும் கொழுப்புதான். ரெண்டுலயும் அதே பால்மிட்டிக், அதே ஸ்டீரிக்னா பிரிக்கிறது எப்படி?

பதில்: வந்த கேள்விகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. பேரு ஒண்ணுதான், ஆனா உள்ள இருக்கிற கார்பன் ஒண்ணு இல்ல. கார்பன்ல 12, 13னு ரெண்டு நிலையான ஐசோடோப் இருக்கு, 13 கொஞ்சம் கனம். ஒவ்வொரு கொழுப்பு அமிலத்துலயும் இந்தக் கனமான கார்பன் எவ்வளவு இருக்குன்னு தனித்தனியா அளக்க முடியும்.

இப்ப மாடு, ஆடு மாதிரி அசைபோடுற மிருகத்த எடுத்துக்கங்க. அது மேயுற செடியில இருக்கிற 18 கார்பன் கொழுப்பு அமிலங்கள இரைப்பையில இருக்கிற பாக்டீரியா ஹைட்ரஜன் சேத்து ஸ்டீரிக் ஆசிடா மாத்திடும். பால்மடிக்கு ஸ்டீரிக் ஆசிட்ட சொந்தமாத் தயாரிக்கத் தெரியாது, அதனால தீவனத்துல இருந்து வந்த இந்த ஸ்டீரிக்க ரத்தத்துல இருந்து நல்ல அளவு எடுத்துப் பால்ல சேத்துடும். ஆனா பால்மிட்டிக்ல பெரும்பகுதிய மடியே மாவுச்சத்து, நார்ச்சத்துல இருந்து வந்த அசிடேட்ட வச்சுத் தயாரிக்கும். செடியோட கொழுப்புல அதோட மாவுச்சத்த விட கார்பன் 13 கம்மி. அதனால பாலோட ஸ்டீரிக் ஆசிட்ல கார்பன் 13 நல்லாவே குறைஞ்சு காட்டும். உடம்புக் கொழுப்புல இருக்கிற ஸ்டீரிக்க உடம்பே பெரும்பாலும் தயாரிச்சுக்கிறதால அங்க அந்தக் குறைவு அவ்வளவு வராது.

கணக்கு சிம்பிள்: ஸ்டீரிக்கோட கார்பன் 13 மதிப்புல இருந்து பால்மிட்டிக்கோட கார்பன் 13 மதிப்பக் கழிக்கணும். விடை ஆயிரத்துக்கு மைனஸ் 3.1க்குக் கீழ போனா பால், மைனஸ் 1க்கு மேல இருந்தா பன்னி மாதிரி அசைபோடாத மிருகம், நடுவுல இருந்தா அசைபோடுற மிருகத்தோட கறிக்கொழுப்பு. 1998ல பிரிட்டன்ல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் எவர்ஷெட் குழு இத வெளியிட்டப்புறம்தான் இந்தத் துறையே வேகம் பிடிச்சுது. 2008ல அதே ஆளுங்க 2,200க்கும் மேல ஓடுகள ஆராய்ஞ்சு, கிமு 7-ம் ஆயிரத்தாண்டுலயே வடமேற்கு அனடோலியாவுல, அதாவது இன்னைக்கு துருக்கியில மர்மரா கடல் பக்கத்துல, பால பானையில பதப்படுத்துனாங்கன்னு காட்டினாங்க.

எனக்குப் பிடிச்ச உதாரணம் போலந்துல குயாவியா பகுதி. அங்க சுமார் 7,000 வருஷப் பழைய மண்பாண்டத் துண்டுங்க முழுக்க ஓட்டை ஓட்டையா கிடைச்சுது. இது சீஸ் வடிகட்டுற சல்லடைன்னு பீட்டர் போகுக்கிங்கிற ஆய்வாளர் 1980கள்லயே சொன்னாரு, ஆனா கையில ஆதாரம் இல்ல. 2012 கடைசியில வெளியான ஆய்வுல அந்த ஓட்டைப் பாண்டத்துல பால் கொழுப்பு சிக்குச்சு. அதே ஊர்கள்ல கிடைச்ச சமையல் பானையில கறிக்கொழுப்பு, குப்பி வடிவப் பாண்டத்துல தேன்மெழுகு. மெழுகு எதுக்குன்னா குப்பி ஒழுகாம இருக்க உள்ள பூசியிருக்காங்க, அனேகமா தண்ணி வைக்க. ஒரே ஊர்ல எந்தப் பாண்டம் எந்த வேலைக்குன்னு கெமிஸ்ட்ரி பிரிச்சுக் காட்டின அழகான கேஸ் இது.

கேள்வி: மெழுகு கிடைச்சா தேன் வச்சிருந்தாங்கன்னு அர்த்தமா?

பதில்: அவசரப்படாதீங்க. இப்பதான் சொன்னேன் பாருங்க, ஒழுகாம இருக்கப் பூசினதாவும் இருக்கலாம். தேன்ல இருக்கிற சர்க்கரை கரைஞ்சு போயிடும், மெழுகு மட்டும்தான் நிக்கும். நைஜீரியாவுல நோக் பண்பாட்டோட 450க்கும் மேல ஓடுகள ஆராய்ஞ்சு 2021ல வெளியிட்டாங்க, அந்தப் பண்பாடு சுமார் 3,500 வருஷம் முன்னாடி ஆரம்பிச்சது. மூணுல ஒரு பங்கு ஓட்டுல தேன்மெழுகு. இவ்வளவு பானையில இருக்கேன்னா தேனுக்காகத்தான்னு எழுதினாங்க, ஆனாலும் தேனடைய உருக்கினதா, தேன் சேமிச்சதா, கறியோட சேத்து சமைச்சதா, பானையவே தேன்கூடா வச்சாங்களான்னு எல்லா வழியையும் திறந்தே வச்சாங்க. அப்படி எழுதுறவங்க மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி.

கேள்வி: ஒயின் ஜாடின்னு எத வச்சு முடிவு பண்றாங்க? ஒயின்ல கொழுப்பே கிடையாதே.

பதில்: டார்டாரிக் ஆசிட்ட வச்சு. திராட்சையில அது ரொம்ப ஜாஸ்தி, கால்சியம் உப்பா மாறி ஓட்டுல தங்கும். ஈரான்ல ஹாஜி ஃபிருஸ் தெபேங்கிற இடத்துல ஒரு மண்வீட்டு சமையல் ரூமோட தரையில 6 ஜாடி பதிச்சு வச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணும் சுமார் 9 லிட்டர் பிடிக்கும், கிமு 5400 - 5000 காலம். 1968ல தோண்டினது. அத பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து பேட்ரிக் மெக்கவர்ன் ஆராய்ஞ்சு டார்டாரிக் ஆசிட்டும், ஒயின் கெடாம இருக்கச் சேக்குற டெரிபின்த் மரப் பிசினும் இருக்குன்னு 1996ல எழுதினாரு. 2017ல ஜார்ஜியா நாட்டு ஜாடிகள் கிமு 6000 வரைக்கும் இத இழுத்துட்டுப் போயிடுச்சு.

ஆனா வில்லங்கம் எங்கன்னா டார்டாரிக் ஆசிட் புளியிலயும் தாராளமா இருக்கு, வேற சில பழத்துலயும் இருக்கு. அதனால அந்தக் காலத்துல அந்தப் பகுதியில என்ன விளைஞ்சுதுன்னு தெரியாம ஓட்டுல டார்டாரிக் கண்டதும் ஒயின்னு எழுதினா ஏமாந்துதான் போகணும். ஜார்ஜியாவுல மாலிக், சக்சினிக், சிட்ரிக் ஆசிட்டும் சேத்துப் பாத்தாங்க, திராட்சை மகரந்தமும் தேடினாங்க. அப்புறம் திராட்சைச் சாறா, புளிச்ச ஒயினா? ஆசிட்ட வச்சு மட்டும் அதச் சொல்ல முடியாது. ஜாடிக்கு மூடி இருந்துச்சா, பிசின் கலந்திருக்கா, அந்த வெயில்ல சாறு எத்தன நாள் சாறாவே இருக்கும், இதெல்லாம் யோசிச்சுத்தான் ஒயின்னு சொல்றாங்க.

சிவப்பு ஒயினுக்கு இன்னொரு தடயம் உண்டு, அதோட நிறப்பொருள்ல இருந்து சிரிஞ்சிக் ஆசிட் வரும். எகிப்துல துட்டன்காமுன் கல்லறை ஜாடிகள்ல இதத் தேடினாங்க. அந்த ஜாடி மேல எந்த வருஷத்து ஒயின், எந்தத் தோட்டம், யாரு தயாரிச்சதுன்னே எழுதியிருக்கும், ஆனா சிவப்பா வெள்ளையான்னு எழுதல. அந்த இடத்த கெமிஸ்ட்ரி நிரப்புச்சு.

கேள்வி: ஜாடி மேலயே உள்ள என்ன இருக்குன்னு எழுதியிருந்து, லேப் ரிசல்ட்டும் ஒத்துப் போன கேஸ் வேற இருக்கா?

பதில்: இருக்கு. குவாதமாலாவுல ரியோ அசூல்ங்கிற மாயா ஊர்ல ஒரு கல்லறையில 1984ல ஒரு ஜாடி கிடைச்சுது, மூடியத் திருகிப் பூட்டுற மாதிரி செஞ்சது, மேல கைப்பிடி. அதுல எழுதியிருந்த சித்திர எழுத்த டேவிட் ஸ்டுவர்ட் படிச்சு இது கக்காவ், அதாவது கோகோன்னு சொன்னாரு. உள்ள இருந்த மிச்சத்த சாக்லேட் கம்பெனி ஹெர்ஷியோட லேப்ல பாத்தா கோகோவுல இருக்கிற தியோபுரோமின், கஃபீன் ரெண்டும் இருந்துச்சு. 1990ல வெளியாச்சு. எழுத்தப் படிச்சது சரியான்னு கெமிஸ்ட்ரி செக் பண்ணுச்சு, கெமிஸ்ட்ரி சரியான்னு எழுத்து செக் பண்ணுச்சு. இப்படி ரெட்டைச் சாட்சி கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்.

கேள்வி: எகிப்துல 3,200 வருஷ சீஸ் கிடைச்சுதாமே, சாப்பிட முடியுமா?

பதில்: வேணாங்க. சக்காராவுல ப்தாமேஸ்ங்கிற அதிகாரியோட கல்லறையில உடைஞ்ச ஜாடிக்குள்ள துணி சுத்தின வெள்ளைக் கட்டி அது, 2018ல புரதத்த ஆராய்ஞ்சு பசும்பாலும் ஆட்டுப்பாலும் கலந்த சீஸ்னு சொன்னாங்க. புரூசெல்லாங்கிற நோய்க்கிருமியோடதுன்னு ஒரு புரதத் துண்டும் அதுல இருந்ததா எழுதினாங்க, அது இன்னும் உறுதியாகணும்.

கேள்வி: அப்ப புரதமும் மிஞ்சுது போலிருக்கே? முதல் பதில்ல சிதைஞ்சிடும்னு சொன்னீங்களே.

பதில்: பொதுவா சிதையும், காப்பாத்துற இடம் கிடைச்சா மிஞ்சும். துருக்கியில சாதல்ஹுயுக்ல பாண்டத்துக்குள்ள படிஞ்ச சுண்ணாம்புப் படிவுல, சுமார் 8,000 வருஷப் பழசு, பார்லி, கோதுமை, பட்டாணி, பால், கறி எல்லாத்தோட புரதமும் சிக்குச்சு. வாய் அகலமான கிண்ணத்துல எல்லாம் கலந்து இருந்துச்சு, ஜாடியில மட்டும் பால் சமாச்சாரம்தான், ஒரு ஜாடியில தயிர்க்கட்டியப் பிரிச்சப்புறம் மிஞ்சுற மோர்த்தண்ணியோட புரதம். புரதத்தால எந்த மிருகம், எந்தச் செடின்னே சொல்ல முடியும், கொழுப்பால அவ்வளவு தூரம் போக முடியாது.

கேள்வி: ஒரே பானையில பல வருஷம் பலது சமைச்சிருப்பாங்க. லேப்ல தெரியுறது கடைசிச் சாப்பாடா, மொத்த வாழ்க்கையா?

பதில்: இத சோதிச்சே பாத்துட்டாங்க. அமெரிக்காவுல 7 பேரு பூச்சு இல்லாத மண்பானை வாங்கி ஒரு வருஷம் வாராவாரம் கோதுமை, சோளம், ரோட்ல அடிபட்ட மான் கறின்னு குறிச்சு வச்ச ரெசிப்பியச் சமைச்சாங்க, 2020ல ரிசல்ட். கருகி ஒட்டினது கடைசிச் சமையலக் காட்டுது, உள்சுவருல படியுற மெல்லிய படலம் கடைசி சிலதோட கலவை, சுவருக்குள்ள ஊறின கொழுப்பு ரொம்ப நாளோட கலவை, அது லேசுல மாறாது. அதனால ஓட்ட அரைச்சு வர்ற எண்ணு ஒரு சராசரிங்க, ஒரு வேளை மெனு கிடையாது.

கேள்வி: சிந்து சமவெளிப் பானையில பன்னிக்கறின்னு நியூஸ்ல பாத்தேன், உண்மையா?

பதில்: ஹரியானா, உத்தரப்பிரதேசப் பகுதியில இருக்கிற ஹரப்பா கால ஊர்களோட 172 ஓடுகள ஆராய்ஞ்ச பேப்பர் அது. மிருகக் கொழுப்பு தெளிவா இருக்கு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா நிறைய ஓட்டுல வந்த மதிப்பு அசைபோடாத மிருகத்தோட கட்டத்துல விழுந்துச்சு, அதே ஊர்கள்ல தோண்டின எலும்புல பன்னி 2 - 3 சதவீதம்தான். பன்னிக்கொழுப்பா இருக்கலாம், மாட்டு ஆட்டுக் கொழுப்போட செடி எண்ணெய் கலந்தாலும் அதே கட்டத்துல வந்து விழலாம். பேப்பர் எழுதினவங்க ரெண்டையும் சொன்னாங்க. தலைப்பு போட்டவங்க ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு அப்புறம் அவங்கவங்க அரசியலுக்கு ஏத்த மாதிரி சண்டை.

கேள்வி: கொழுப்ப வச்சு பானையோட வயச சொல்ல முடியுமா?

பதில்: 2020ல இருந்து முடியும். ஓட்டுல இருந்து பால்மிட்டிக், ஸ்டீரிக்னு அந்த ரெண்டு கொழுப்பு அமிலத்த மட்டும் தனியாப் பிரிச்சு, வயசு கணக்கிட உதவுற ரேடியோகார்பன் எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு பாக்குறாங்க. லண்டன்ல ஷோர்டிட்ச் பகுதியில கிடைச்ச ஓடுகளுக்கு அப்படித்தான் கிமு 3600 வாக்குன்னு வந்துச்சு.

கேள்வி: அகழாய்வுக் குழியில வாலன்டியரா வேலை செய்யப் போறேன். லேபுக்கு ஓடு எடுக்கிறப்ப என்ன கவனிக்கணும்?

பதில்: முதல்ல கழுவாதீங்க, சோப்பு, ஆசிட் எதுவும் வேணாம். வெறும் கையில தொடாதீங்க, நம்ம தோல் எண்ணெயில ஸ்குவாலீன், கொலஸ்ட்ரால் ரெண்டும் இருக்கு. ஸ்குவாலீன் பல ஆயிரம் வருஷம் தாங்காது, அதனால ஓட்டுல ரெண்டும் சேந்து வந்தா யாரோ தொட்டிருக்காங்கன்னு லேப்காரங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. சன்ஸ்கிரீன், கைக்கு கிரீம் பூசிக்கிட்டு போகாதீங்க. பிளாஸ்டிக் கவர்ல நேராப் போட்டா அதுல இருக்கிற தாலேட்ங்கிற கெமிக்கல் ஓட்டுல ஏறிடும், ரிசல்ட்ல பெருசா அதுதான் நிக்கும், அதனால அலுமினியம் ஃபாயில்ல சுத்தி அப்புறம் கவர்ல போடுங்க. நம்பர ஓட்டு மேல மார்க்கர்ல எழுதாதீங்க, ஃபாயிலுக்கு வெளிய சீட்டு வைங்க. ஓட்டப் பிடுங்கின அதே இடத்துல இருந்து ஒரு பிடி மண்ணும் தனியா எடுங்க, ஓட்டுல இருக்கிறது மண்ணுல இருந்து வரலன்னு காட்ட அது வேணும். சமையல் பானைன்னா வாய்ப்பக்கம் கிடைச்சாப் போதும், சேமிப்பு ஜாடின்னா வாய், வயிறு, அடின்னு மூணு இடத்துலயும் துண்டு எடுத்து வைங்க, எதுவரைக்கும் நிரப்பினாங்கங்கிறது சில சமயம் அதுலதான் தெரியும்.